ஓர் எழுத்துக்கு உரிய இடம்

மனிதனை நோக்கி இயந்திரம் கேட்கும் கேள்விகளுள் மிக எளியதாகத் தோன்றுவது, "இவற்றுள் எது?" என்ற கேள்விதான். பெயரைக் கேட்டால் எழுத்துப் பிழை நேரலாம். தேதியைக் கேட்டால் நாளும் மாதமும் இடம் மாறலாம். தொகையைக் கேட்டால் ஒரு பூஜ்யம் கூடலாம் அல்லது குறையலாம். ஆனால் நான்கு விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அவற்றுள் ஒன்றை மாத்திரம் சுட்டிக் காட்டும்படி கேட்கும்போது, பிழை நுழைவதற்கு வழியே இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அவ்வாறில்லை. விடைகள் எத்தனை, அவற்றை எந்த வரிசையில் வைப்பது, ஒன்றுக்கு மேல் தேர முடியாதபடி தடுப்பது எப்படி, ஒன்றையுமே தேராமல் போனால் என்ன பொருள், தேர்ந்தது தவறானால் அதை எங்கே எப்படிச் சொல்வது என்ற இத்தனை வினாக்களும் அந்த ஒரு சிறு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு விடை கண்ட பிறகே ஒற்றைத் தேர்வுப் புலம் என்பது செம்மையான உருவத்தைப் பெறுகிறது.

இந்த விஷயத்தை ஆராய்வதற்குத் தகுந்த இடம், படங்களும் மௌஸும் இன்றி எழுத்துக்களால் மாத்திரம் ஆன பழைய திரைப் பலகங்களேயாகும். இன்றும் பெரிய வங்கிகளிலும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிலும் விமான நிறுவனங்களிலும் பெருங்கணிப்பொறிகளின் முன்னே அமர்ந்து வேலை செய்வோர் அத்தகைய பலகங்களை நாள்தோறும் உபயோகித்து வருகின்றனர். வர்ணமும் அசைவும் நிழலும் கைவசம் இருக்கும்போது, அமைப்பிலுள்ள குறையை அலங்காரத்தால் மறைத்துவிட முடியும். எழுத்தும் இடைவெளியும் தவிர வேறு சாதனம் ஒன்றும் இல்லாத இடத்தில் அந்த மறைப்புக்கு வழியில்லை. அங்கே நல்ல கேள்வி நல்லதாகவும், கெட்ட கேள்வி கெட்டதாகவும் பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடுகிறது.

1971-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 3270 என்ற டெர்மினல் வரிசையை வெளியிட்டது. அதில் மிகப் பரவலாக வழங்கிய உருவத்தில், ஒவ்வொரு வரியிலும் 80 எழுத்துக்கள் வீதம் 24 வரிகள், ஆக 1,920 எழுத்துக்கள் திரையில் அடங்கின. 80 என்ற அந்த அகலம் 1928 முதல் அந்த நிறுவனம் வழங்கி வந்த துளை அட்டையின் அகலத்தையே ஒத்திருந்தது. இந்த டெர்மினலின் முக்கிய லட்சணம், நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் அது உடனுக்குடன் கணிப்பொறிக்கு அனுப்புவதில்லை என்பதாகும். ஒரு கணிப்பொறி ஏககாலத்தில் நூற்றுக்கணக்கான டெர்மினல்களுக்குப் பணி செய்ய வேண்டியிருந்த அந்தக் காலத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் அது செவி சாய்க்கத் தொடங்கினால் வேறு காரியம் எதுவும் நடவாது. ஆகவே, பலகம் முழுவதையும் கணிப்பொறி ஒரே தடவையில் அனுப்பிவைக்கும். உபயோகிப்பவர் தமக்கு வேண்டியவற்றை அங்கேயே எழுதித் திருத்திக்கொள்வார். என்டர் விசையையோ ஏதேனும் ஒரு செயல் விசையையோ அழுத்திய பின்னரே, மாறிய பகுதிகள் மாத்திரம் கணிப்பொறியைச் சென்றடையும்.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் அதனுடன் ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தது. என்டர் விசை அழுத்தப்படும் வரையில் உபயோகிப்பவர் என்ன செய்கிறார் என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. தவறு நேரும் கணத்திலேயே அதைத் தடுக்க வேண்டுமானால், தடுக்கும் சக்தி டெர்மினலுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அதன் பொருட்டு 3270 திரை பல புலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு புலத்தின் முன்னும், பார்வைக்கு வெற்றிடமாகத் தோன்றும் ஓர் எழுத்தின் இடத்தில், அந்தப் புலத்தின் குணம் சங்கேதமாகப் பதிந்திருக்கும். இங்கே எழுதலாமா, கூடாதா. எண்களை மாத்திரம் ஏற்பதா, எல்லா எழுத்துக்களையும் ஏற்பதா. பிரகாசமாகக் காட்டுவதா, சாதாரணமாகக் காட்டுவதா, கடவுச்சொல்லைப் போல மறைத்து வைப்பதா. உபயோகிப்பவர் இதை மாற்றினாரா, இல்லையா என்பனவெல்லாம் அந்த ஒரே இடத்தில் அடங்கின. எழுதக் கூடாத புலத்தில் எழுத முயன்றால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். இந்தச் சில குணங்களைக் கொண்டுதான் அக்காலத்துப் பலக அமைப்பாளர்கள் தம் கேள்விகளைக் கட்ட வேண்டியிருந்தது.

இனி ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். அந்தத் திரைகளில் ஆங்கில எழுத்துக்களே தோன்றின என்றாலும், நம் வசதிக்காகத் தமிழில் எழுதிக்கொள்வோம். பணம் கட்ட வந்தவர் எந்த முறையில் கட்டுகிறார் என்பதைப் பதிவு செய்யும் புலம் இது:

செலுத்தும் முறை . . . _   1. ரொக்கம்
                               2. காசோலை
                               3. வரைவோலை
                               4. கணக்கு மாற்றம்

இடப்புறம் கேள்வியின் பெயர். அதிலிருந்து கண்ணை விடைக்கு அழைத்துச் செல்லும் புள்ளி வரிசை. பிறகு ஒரே ஓர் எழுத்து மாத்திரம் கொள்ளக்கூடிய எழுதுமிடம். அதன் வலப்புறத்தில், முதல் விடை அதே வரியிலும் மற்றவை அதன் கீழ் நேராகவும் அமைந்த விடைப் பட்டியல். திரையின் இந்தச் சிறு பகுதியில் எழுதுவதற்கு உரிய இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தின் அகலமும் ஓர் எழுத்தே. இரண்டு விடைகளைத் தேர வேண்டும் என்று ஒருவர் விரும்பினாலும், இரண்டாவது விடையை எழுதி வைக்க அங்கே இடமில்லை. "ஒன்றை மட்டும் தேர்வு செய்க" என்ற வாக்கியம் எங்கும் எழுதப்படாமலேயே, அந்தக் கட்டளை புலத்தின் வடிவத்தினால் நிறைவேறிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்தும் இதுவேயாகும்: ஒன்றைத்தான் தேரலாம் என்ற விதியை வாக்கியத்தால் அறிவிப்பதைக் காட்டிலும், அதைக் கேள்வியின் அமைப்பிலேயே பொதிந்து வைப்பது மேலானது.

இதற்கு மாறாக, ஒவ்வொரு விடையின் முன்னும் ஓர் எழுதுமிடத்தை வைத்து, வேண்டியதன் பக்கத்தில் ஒரு குறியிடச் சொல்லும் முறையும் உண்டு. அங்கே நான்கு விடைகளுக்கு நான்கு இடங்கள் இருப்பதால், நான்கிலும் குறியிட யாதொரு தடையும் இல்லை. பல விடைகளை ஏககாலத்தில் தேரலாம் என்னும் கேள்விக்கு அந்த வடிவமே பொருத்தமானது. ஒன்றைத்தான் தேரலாம் என்னும் கேள்விக்கு அதைப் பிரயோகித்தால், உபயோகிப்பவரை முதலில் தவறு செய்ய விட்டுவிட்டுப் பிறகு கண்டிப்பதாக முடியும். ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் தன் பல்வேறு கணிப்பொறிகளுக்கும் பொதுவான திரை விதிகளை வகுக்கத் தொடங்கியபோது, இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்தது. ஒற்றைத் தேர்வானால், ஓர் எழுதுமிடமும் எண்ணிட்ட விடைகளும். பன்மைத் தேர்வானால், ஒவ்வொரு விடையின் முன்னும் ஓர் இடமும் அதில் இடுவதற்கு ஒரு சாய்கோடும். வடிவமும் பொருளும் இவ்விதம் எங்கும் மாறாமல் ஒன்றுபட்டு நின்றதனால், சில பலகங்களைப் பார்த்துப் பழகிய கண், கேள்வியைப் படிப்பதற்கு முன்னமே அதற்கு எத்தனை விடைகள் சொல்லலாம் என்பதைக் கண்டுகொண்டது.

ஓர் எழுத்துக்கு உரிய அந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு சூட்சுமமான யோசனை தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு சிறிய விஷயத்தைச் சொல்லலாம். உபயோகிப்பவர் அங்கே 2 என்று எழுதியதும் கர்ஸர் எங்கே செல்ல வேண்டும்? அடுத்த எழுதுமிடத்துக்குத் தானாகவே தாவும்படி அமைக்க முடியும். வேகமாக வேலை செய்பவருக்கு அது ஒரு விசை அழுத்தத்தை மிச்சப்படுத்தும் சௌகரியம். ஆனால், 2 என்பதற்குப் பதிலாக ஒருவர் தவறுதலாக 22 என்று அழுத்திவிட்டால், இரண்டாவது 2 அடுத்த புலத்துக்குள் சத்தமின்றிப் போய் விழுந்துவிடும். அடுத்த புலம் தொகையைக் கேட்பதாக இருந்தால், விளையக்கூடிய கேட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. இதற்கு மாற்றாக, அந்த இடத்தின் வலப்புறத்தில் எழுத முடியாத புலம் ஒன்றை அடைப்பாக வைத்தால், இரண்டாவது விசையில் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். உபயோகிப்பவர் ரீசெட் விசையை அழுத்திவிட்டுத் தொடர வேண்டும். முன்னது வேகத்தைத் தருகிறது. பின்னது பாதுகாப்பைத் தருகிறது. பெட்டி பெட்டியாகக் குவிந்த படிவங்களை நாள் முழுதும் பதிவு செய்யும் தேர்ந்த கைகளுக்கு ஒன்றும், எப்போதோ ஒரு தடவை வந்து உட்காருபவருக்கு மற்றொன்றும் நலம் பயக்கும். யாருக்காக அமைக்கிறோம் என்பதை அறியாமல் இந்த ஒரு விஷயத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாது.

எண்களை மாத்திரம் ஏற்கும் குணத்தை அந்தப் புலத்துக்குக் கொடுத்தால், அதற்கேற்ற விசைப்பலகையில் எழுத்து விசைகள் அங்கே செல்லாமற் போகும். அது ஒரு பாதுகாப்புத்தான் என்றாலும், அதன் எல்லையையும் உணர்ந்திருக்க வேண்டும். நான்கு விடைகளே உள்ள இடத்தில் 7 என்று எழுதினால், அதுவும் எண்ணாகையால் டெர்மினல் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். அதைத் தவறென்று கண்டு சொல்வது கணிப்பொறியின் கடமை. ஐ.எஸ்.பி.எஃப். என்ற பெருங்கணிப்பொறிப் பலக அமைப்பில், இன்ன புலத்தில் இன்ன விடைகளே செல்லும் என்று ஒரு வரியில் பட்டியலிட்டுவிட்டால் போதும். சரிபார்க்கும் வேலை முழுவதையும் அதுவே மேற்கொள்ளும். ஒவ்வொரு புரோகிராமரும் தத்தம் போக்கில் சோதித்து, ஒருவர் கண்டதை மற்றொருவர் காணாமல் விடும் நிலைமை இதனால் தவிர்ந்தது.

அடுத்தபடியாக ஆராய வேண்டியது, உபயோகிப்பவர் வந்து சேருமுன் அந்த இடத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டுமா என்பது. பெரும்பாலோர் ரொக்கமாகவே கட்டுவார்கள் என்றால், 1 என்று முன்னதாகவே இட்டு வைப்பது அவர்களது சிரமத்தைக் குறைக்கும். ஆனால், அவ்வாறு இட்டுவைத்த விடை சாமான்யமான ஒன்றன்று. மனிதர்கள் எழுதியிருப்பதை மாற்றாமல் விட்டுவிடும் இயல்புடையவர்கள். ஆகையால், முன்னிட்ட விடை ஒரு யோசனையாகத் தொடங்கிப் பலரது விஷயத்தில் முடிவாகவே நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் முன்னிட்ட விடையை மாற்றாமல் விட்டாலும் எவருக்கும் தீங்கு நேராதோ, அந்த இடத்தில் மாத்திரமே அதை முன்னிடுவது நியாயம். கோப்பை அழிக்கலாமா, கணக்கை மூடலாமா என்பன போன்ற மீட்க முடியாத காரியங்களிலும், ஒருவரது பாலினம், மதம் முதலிய சுய விவரங்களிலும், அந்த இடத்தை வெறுமையாக விட்டு, உபயோகிப்பவர் தம் கையால் எழுதிய பிறகே முன்னேற அனுமதிப்பது கடமையாகும். கூட்டத்திலுள்ள பெரும்பான்மையோரின் விடையை ஒரு தனி மனிதரின் விடையாக எண்ணிக்கொள்வதற்கு இயந்திரத்துக்கு உரிமையில்லை.

இங்கே 3270 டெர்மினலின் இயல்பினால் ஒரு விசேஷச் சிக்கலும் எழுந்தது. மாறிய புலங்கள் மாத்திரமே கணிப்பொறியைச் சென்றடையும் என்று முன்னரே கூறினேன். முன்னிட்ட 1 என்ற விடையை உபயோகிப்பவர் ஒப்புக்கொண்டு அப்படியே விட்டுவிட்டால், அந்தப் புலம் மாறாததாகக் கருதப்படும். அதன் உள்ளடக்கம் திரும்பி வரவே வராது. விடை வராததனால் ஒன்றும் தேரவில்லை என்று புரோகிராம் கருதிவிட்டால், திரையில் 1 என்று கண்ணெதிரே தோன்றியிருந்தும், பதிவேட்டில் வெறுமை ஏறும். இதைத் தவிர்க்க, சி.ஐ.சி.எஸ். என்னும் அமைப்பில் பலகம் எழுதுவோர், அந்தப் புலத்தை ஏற்கனவே மாறியதாகக் குறித்தே திரைக்கு அனுப்பும் யுக்தியைக் கையாண்டனர். உபயோகிப்பவர் கண்ணால் காண்பதும் கணிப்பொறி பதிவு செய்வதும் வேறு வேறாக இருக்கக் கூடாது என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

விடைகளுக்கு எண்களை இடுவதா, எழுத்துக்களை இடுவதா என்பது நெடுநாளைய விவாதம். ரொக்கத்துக்கு "ரொ", காசோலைக்கு "கா" என்று முதலெழுத்தை இட்டால் நினைவில் நிற்கும் என்பது உண்மையே. ஆனால், ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு விடைகள் வந்தவுடன் அந்த முறை தடுமாறுகிறது. பலகத்தை வேறு மொழிக்கு மாற்றும்போது முற்றிலும் குலைந்துவிடுகிறது. எண் எந்த மொழியிலும் எண்தான். ஆனால், எண்ணைத் தேர்ந்தவுடன் ஒரு பொறுப்பும் வந்து சேருகிறது. ஐ.எஸ்.பி.எஃப். அமைப்பின் முதல் பட்டியலில் 3 என்ற விடையையும், அதற்குள் 4 என்ற விடையையும் தேர்ந்து கோப்புப் பட்டியலை அடைவது வழக்கம். அதில் பழகியவர்கள் நடுவில் எந்தப் பலகத்தையும் பாராமல், சமக்குறியுடன் 3.4 என்று ஒரே மூச்சில் எழுதி அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பல பத்தாண்டுகளாகப் பெருங்கணிப்பொறிப் பணியாளர்களின் விரல்களில் ஊறிப்போன எண் அது. புதிதாக ஒரு விடையை நடுவில் நுழைத்து அதை 3.5 என்று மாற்றியிருந்தால், கணக்கற்றவர்களின் கைப்பழக்கம் ஒரே நாளில் பாழாகியிருக்கும். எனவே, ஒரு தடவை கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது. புதிய விடைக்கு இறுதியில் புதிய எண்ணைக் கொடுப்பதே முறை. அதைப் போலவே, பதிவேட்டில் சேமிக்க வேண்டியதும் திரையில் தோன்றும் வரிசை எண் அன்று. வரிசை எவ்வாறு மாறினாலும் மாறாத தனிச் சங்கேதம் ஒன்றையே சேமிக்க வேண்டும். இல்லையேல், வரிசை மாறிய மறுநாள், பழைய பதிவுகளில் காசோலைகள் எல்லாம் வரைவோலைகளாகக் காட்சியளிக்கும்.

ஏதோ ஒரு காரணத்தால் இன்றைக்கு ஒரு விடை செல்லாது என்றால் என்ன செய்வது? அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் கீழுள்ளவற்றை மேலேற்றுவது, மேலே சொன்ன எண்ணின் நிலைத்தன்மையைக் குலைத்துவிடும். அந்த விடையை அதன் இடத்திலேயே விட்டு, செல்லாது என்பதை மாத்திரம் அறிவிப்பதே தக்க முறை. வர்ணத் திரையில் மங்கிய நிறத்தால் அதைக் காட்டலாம். ஒரே நிறம் கொண்ட திரையில் அதற்கு வழியில்லை. ஐ.பி.எம். விதிகள் அத்தகைய விடையின் எண் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை இட்டன. எழுத வேண்டிய எண்ணே கண்ணுக்குத் தெரியாதபோது, அதை எழுத யாருக்கும் தோன்றாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்களை உடையவர்களுக்கும் இந்த முறை இயல்பாகவே உதவிற்று. நிறத்தை மாத்திரம் நம்பி ஒரு செய்தியைச் சொல்லக் கூடாது என்று இன்று வற்புறுத்தப்படும் விதியை, நிறமே இல்லாத திரைகள் தம் ஏழ்மையினால் முன்னமே கடைப்பிடித்து வந்தன.

எத்தனை விடைகள் வரை ஒரு புலத்தில் வைக்கலாம் என்ற வினாவுக்கு, ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர் 1956-இல் எழுதிய கட்டுரையைச் சான்றாகக் காட்டி, ஏழு, கூடினால் ஒன்பது என்று கூறுவோர் பலர். அந்தக் கட்டுரை மனத்தில் தாங்கக்கூடியவற்றின் அளவைப் பற்றியது. விடைகளோ கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றை மனத்தில் தாங்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே அந்தச் சான்று இங்கே பொருந்தாது. இதைக் காட்டிலும் பொருத்தமானது, 1952-இல் வில்லியம் ஹிக் கண்ட விதி: தேர்வதற்குத் தேவைப்படும் நேரம் விடைகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை, அதன் மடக்கையைப் பின்பற்றி மெதுவாகவே வளர்கிறது. பழகிய விடைகளாயின், எட்டை இரண்டு நான்குகளாகப் பிரித்து இரண்டு பலகங்களில் வைப்பதைவிட, ஒரே பலகத்தில் எட்டாக வைப்பது பெரும்பாலும் விரைவானது என்பது இதன் பயன். எழுத்துத் திரையில் உண்மையான எல்லையை விதிப்பது வேறொன்று. விடைகள் ஒன்பதைத் தாண்டியவுடன் எழுதுமிடம் இரண்டு எழுத்துக்களாக விரிய வேண்டும். அப்போது, 1 என்று எழுதியவர் அதோடு நிறுத்தினாரா, 10 என்று எழுத வந்து பாதியில் விட்டாரா என்ற சந்தேகம் தோன்றிவிடுகிறது. விடைகள் இருபது முப்பது என்று பெருகினால், பட்டியலைப் பலகத்திலிருந்து எடுத்துவிட்டு, எஃப்4 போன்ற ஒரு விசையை அழுத்தியதும் தனிப் பலகத்தில் விரியும்படி செய்வதே நல்லது.

பட்டியல் எல்லை மீறினால் நேர்வது என்ன என்பதற்கு, கணிப்பொறித் திரைக்கு வெளியே நம் நாட்டுத் தேர்தல் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. வாக்குச்சீட்டும் ஒற்றைத் தேர்வுப் புலமே அன்றோ? 1996-இல் தமிழ்நாட்டு மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் போட்டியிட்டபோது, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. காகிதச் சீட்டில் இன்னொரு குறையும் இருந்தது: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முத்திரையிட இடம் இருந்தபடியால், இரண்டு பெயர்களுக்கு எதிரே முத்திரை விழுந்து, செல்லாமற் போன வாக்குகள் எத்தனையோ. 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக உபயோகிக்கப்பட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இந்தக் குறையை வேரோடு களைந்தது. ஒரு பொத்தானை அழுத்தியவுடன் இயந்திரம் பூட்டிக்கொள்கிறது. வாக்குச்சாவடி அதிகாரி அடுத்தவருக்காக அதைத் திறக்கும் வரையில் வேறெந்தப் பொத்தானும் வேலை செய்யாது. இரட்டை வாக்கு தவறென்று எவரும் அறிவுறுத்த வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று; அது நிகழ முடியாததாகிவிட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, "மேற்கண்ட எவரும் இல்லை" என்ற பொத்தானும் அதில் சேர்ந்தது. ஒற்றைத் தேர்வின் மற்றொரு தர்மத்தை இது நமக்கு நினைவூட்டுகிறது. விடைகள் ஒன்றோடொன்று கலவாதவையாக இருந்தால் மாத்திரம் போதாது. அவை அனைத்தும் சேர்ந்து, நேரக்கூடிய நிலைமைகள் யாவற்றையும் அடக்கியிருக்கவும் வேண்டும். நான்கில் எதுவும் தமக்குப் பொருந்தாத ஒருவரை நான்கில் ஒன்றைத் தேரும்படி நிர்ப்பந்தித்தால், அவர் பொய்யான விடையைத்தான் தர முடியும். அந்தப் பொய்க்குப் பொறுப்பாளி கேள்வியை அமைத்தவரே.

பெருங்கணிப்பொறிகளின் மரபு இவ்வாறிருக்க, சிறிய கணிப்பொறிகளிலும் யூனிக்ஸ் உலகிலும் ஒற்றைத் தேர்வு வேறொரு வடிவத்தை எடுத்தது. அங்கே ஒவ்வொரு விசையும் உடனுக்குடன் கணிப்பொறிக்குத் தெரியவருமாகையால், உபயோகிப்பவர் ஒன்றைத் தேரும் அதே கணத்தில் மற்றொன்றை விலக்கிவிட முடிந்தது. பழைய மோட்டார் வண்டிகளின் ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னர் அழுத்தப்பட்டிருந்தது தானே வெளியே வந்துவிடும். அதனால் இந்த வடிவத்துக்கு ரேடியோ பொத்தான் என்ற பெயர் நிலைத்தது. 1990-இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ விஷன் என்ற தொகுப்பில், வட்ட அடைப்புக்குறிக்குள் புள்ளி இருந்தால் தேர்ந்தது, வெறுமையாக இருந்தால் தேராதது. பன்மைத் தேர்வுக்கோ சதுர அடைப்புக்குறி. வட்டம் என்றால் ஒன்று, சதுரம் என்றால் பல என்னும் பேதம் எழுத்துக்களாலேயே இவ்வாறு விளங்கியது.

ஆனால், இந்த வடிவத்தில் ஒரு மயக்கமும் ஒளிந்திருக்கிறது. கர்ஸர் நிற்கும் இடம் ஒன்று. தேர்ந்து வைத்த இடம் வேறொன்று. லினக்ஸில் டயலாக் என்ற கருவி காட்டும் ஒற்றைத் தேர்வுப் பட்டியலில், அம்பு விசையால் மூன்றாம் வரிக்கு இறங்கினால், அந்த வரி முழுவதும் பிரகாசமாகிவிடும். ஆயினும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நட்சத்திரம் முதல் வரியிலேயே நிற்கும். இடைவெளி விசையை அழுத்தினால்தான் அது மூன்றாம் வரிக்கு வரும். இதை அறியாதவர், பிரகாசமாக நிற்கும் மூன்றாம் விடையைத் தாம் தேர்ந்துவிட்டதாக எண்ணி என்டர் விசையை அழுத்துகிறார். பதிவாவதோ முதலாம் விடை. இந்த இரண்டு நிலைகளும் பன்மைத் தேர்வில் தேவையானவை. ஒற்றைத் தேர்வில் அவற்றை ஒன்றாக்கி, நின்ற இடமே தேர்ந்த இடம் என்று அமைத்துவிடுவது சாத்தியமாக இருக்கும்போது, பிரித்து வைப்பதற்கு யாதொரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை. பிரித்தே ஆகவேண்டிய இடத்தில், எந்த விசை எந்தக் காரியத்தைச் செய்யும் என்பதைப் பட்டியலின் அடியிலேயே எழுதி வைப்பது கட்டாயம்.

இவ்வளவு முன்னெச்சரிக்கைக்குப் பிறகும் தவறு நேரத்தான் செய்யும். அப்போது பலகம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் அதன் பண்பு புலனாகிறது. தவறான புலத்திலேயே கர்ஸரைக் கொண்டுபோய் நிறுத்துவது, உபயோகிப்பவர் எழுதியதை அழித்துவிடாமல் அங்கேயே விட்டு வைப்பது, மற்றப் புலங்களில் அவர் எழுதிய எதையும் தொடாமலிருப்பது, "1 முதல் 4 வரையுள்ள எண்ணை எழுதவும்" என்று செய்ய வேண்டியதைச் சொல்வது ஆகிய நான்கும் அதற்குப் போதும். ஐ.எஸ்.பி.எஃப். பலகங்களில் முதலில் வலப்பக்க மேல் மூலையில் சில சொற்களாலான சிறு செய்தி தோன்றும். புரியவில்லையென்று எஃப்1 விசையை அழுத்தினால் விரிவான செய்தி வரும். அறிந்தவரை அதிக வார்த்தைகளால் சலிப்படையச் செய்யாமலும், அறியாதவரைக் குறைந்த வார்த்தைகளால் திகைக்க விடாமலும் இருப்பதற்கு அது ஒரு நல்ல வழி.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. இணையம் இல்லாத சாதாரணக் கைபேசியிலிருந்து *99# என்று அழைத்தால் வங்கிக் கணக்கின் நிலையை அறியவும் பணம் அனுப்பவும் நம் நாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. அதில் வருவது எழுத்துப் பலகந்தான், எண்ணிட்ட விடைகள், கீழே பதில் எழுத ஓரிடம். யு.எஸ்.எஸ்.டி. எனப்படும் இந்த முறையில் ஒரு செய்தியின் கொள்ளளவு 160 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கள் அதில் 182 அடங்கும். தமிழுக்கோ ஒவ்வொரு குறியும் இரண்டு பைட்டுகளைக் கொள்வதால், 80 குறிகளுக்கே இடம். அதிலும் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே கணக்கில் சேரும். மேலே நாம் உதாரணமாகக் கொண்ட பலகத்தையே, புள்ளி வரிசையை நீக்கித் தலைப்பும் நான்கு விடைகளுமாக எழுதினால், எண்களும் இடைவெளிகளும் வரிமுறிவுகளும் உட்பட 65 குறிகள் செலவாகிவிடுகின்றன, மிஞ்சுவது பதினைந்தே. "கணக்கு மாற்றம்" என்ற விடை மாத்திரம் இடைவெளியுடன் 14 குறிகளை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய பலகத்தை அப்படியே தமிழாக்கிப் பொருத்த முயல்வோர் இந்த இடத்தில்தான் இடர்ப்பட்டு, வார்த்தைகளை வெட்டிச் சிதைத்துவிடுகின்றனர். தமிழிலேயே சிந்தித்து, சுருக்கமான சொல்லை முதலிலேயே தேடி, விடைகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் அந்த 80 குறிகளுக்குள் திட்டமிடுபவரால் மாத்திரமே, படிப்பவருக்கு விளங்கும் பலகத்தை உருவாக்க முடியும்.

ஆங்கிலம் அறியாத ஒருவர் தம் சேமிப்பை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் இடம் அது. அவருக்குக் கிடைப்பது ஒரு சில வரிகளும் ஓர் எழுத்துக்கு உரிய இடமுமே. அந்த வரிகளில் ஒவ்வொரு சொல்லும் நிறுத்துப் பார்த்து வைக்கப்பட்டிருந்தால், அவர் யாரையும் துணைக்கு அழைக்காமல் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்வார். அவ்வாறு இல்லாவிட்டால், படித்தவர் ஒருவரிடம் கைபேசியையும் அதனுடன் தம் ரகசியத்தையும் ஒப்படைக்க நேரும். கேள்வி கேட்கும் அதிகாரத்தை நாம் இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறோம். விடையை எளிதாக்கும் கடமையை, அந்த இயந்திரத்தை அமைப்பவரே ஏற்க வேண்டும். பலகம் எழுதும் தொழிலில் இறங்கும் இளைஞர்கள், எந்த வர்ணத்தையும் எந்த அசைவையும் பற்றி யோசிக்கத் தொடங்குமுன், தம் கேள்வியை வெறும் எழுத்துக்களால் ஒரு காகிதத்தில் எழுதி, அதன் அமைப்பு ஒன்றினாலேயே சரியான விடை எளிதாகவும் தவறான விடை அரிதாகவும் ஆகிறதா என்று சோதித்துப் பார்ப்பார்களாக. அந்தச் சோதனையில் தேறிய கேள்வி எந்தத் திரையிலும் நிற்கும்.